ஐஸ் கரித்த கோடை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் குச்சி ஐஸ் பேச்சு வராமல் போகாது. சிவந்த நாக்கை ஒருவருக்கொருவர் நீட்டிக் காட்டியது, கடைசிச் சொட்டு வரைக்கும் குச்சியைச் சப்பியது, ஐஸ்காரர் ஹாரன் சத்தம் கேட்டதும் சோற்றுத் தட்டை விட்டு ஓடியது என்று ஆளுக்கொன்று சொல்வீர்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அந்தப் பேச்சு என்னை வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். என் பெரியப்பா ஐஸ் கம்பெனி வைத்திருந்தவர்.

ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, ரோட்டை ஒட்டி எங்கள் ஊர். ஆற்றுப் பக்கமிருந்து காற்றடித்தால் ஊறவைத்த மரப்பட்டை வாசனை வரும். காற்று திரும்பினால் பச்சைத் தோல் நாற்றம். அதை நாற்றம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தோல் பதனிடும் ஆலையை நாங்கள் தோல் ஷாப் என்போம். ஊரில் பாதிப் பேர் அதில்தான் வேலை செய்தார்கள். பெரியப்பாவும் ஒரு தோல் ஷாப் ஆபீசில் இருந்தவர்தான். என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம்.

பெரியப்பாவுக்கு ஐஸ் கம்பெனி யோசனை எப்படி வந்தது என்று கேட்டால், கிணற்றைக் காட்டுவார். எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருந்த கிணற்றுத் தண்ணீருக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. கல்யாண வீட்டுச் சமையலுக்கு அங்கிருந்துதான் எடுத்துப் போவார்கள். “இந்தத் தண்ணிய சும்மா குடிச்சே தீர்த்துட்டு இருக்கோம்” என்பார் பெரியப்பா. மெட்ராஸில் மூடிப்போன ஒரு ஐஸ் கம்பெனியிலிருந்து மிஷினை வாங்கி லாரியில் ஏற்றி வந்தார். கூடவே அந்த மிஷினை ஓட்டத் தெரிந்த ஒரு ஆளையும் கூட்டி வந்தார். அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கத்து ஆள். பிழைப்புக்காக மெட்ராஸ் போய், கம்பெனி மூடியதும் மிஷினோடு சொந்தப் பக்கம் திரும்பியவர். அவர் எங்களுக்கு மிஷின் அண்ணன். அவர் மனைவி மிஷின் அண்ணி. அவர்களுடைய ஒரே மகள் என் வகுப்பு. வந்த வாரமே நாங்கள் தோஸ்த் ஆகிவிட்டோம். ஊரில் எங்களைத் தனித்தனியாக யாரும் கூப்பிட்டதில்லை. “தோஸ்துங்க வராங்க பாரு” என்பார்கள்.

கம்பெனி என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் ஓடு போட்ட ஒரு நீளக் கொட்டகை. உள்ளே போனால் வெளி வெயில் சட்டென்று அறுந்துபோகும். ஈரச் சாக்கு, எசென்ஸ், மிஷின் எண்ணெய் எல்லாம் கலந்த ஒரு குளிர்ந்த வாசனை. பெல்ட் ஓடும் சத்தம் காலுக்கடியில் தரையிலேயே கேட்கும். நடுவில் ஒரு பெரிய தொட்டி. அதில் இருப்பது உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர் என்னதான் குளிர்ந்தாலும் லேசில் உறையாது. அதனால் அதைக் கடுங்குளிராக்கி, அதற்குள் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிய தகர அச்சுகளை இறக்குவார்கள். அச்சுக்குள் இருப்பது ஐஸ் ஆகிவிடும். வெளித் தண்ணீர் அப்படியே நிற்கும். அச்சில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் போதும், தொட்டி உப்பு உள்ளே புகுந்து ஐஸ் கரிக்கும். அதற்காகவே மிஷின் அண்ணன் தினமும் ஒவ்வொரு அச்சிலும் தண்ணீர் ஊற்றி, வெளிப்பக்கத்தைத் துண்டால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கசிகிறதா என்று பார்ப்பார். நானும் தோஸ்தும் துடைத்த அச்சுகளை அடுக்குவோம். விரல் நுனி மரத்துப்போகும். அந்த மரமரப்பை ஒருவர் கன்னத்தில் ஒருவர் வைத்துப் பார்த்துக்கொள்வோம்.

இரண்டு மூன்று கோடை நன்றாகப் போனது. மரப் பெட்டி கட்டிய சைக்கிள்கள் காலையில் வரிசையாகக் கிளம்பும். மாதனூர் போகிறவர், ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு போகிறவர், தோல் ஷாப் கேட்டில் சாப்பாட்டு மணிக்குப் போய் நிற்கிறவர் என்று ஆளுக்கொரு திசை. பெரியப்பா வெள்ளை வேட்டியிலிருந்து வெள்ளை பேண்ட்டுக்கு மாறினார். சர்ச்சில் அவருக்கு முன் வரிசை கிடைத்தது. கொட்டகைச் சுவரில் நீல எழுத்தில், ‘சுத்தமான கிணற்று நீரில் தயாரானது’ என்று எழுத வைத்தார். பெரியம்மா கழுத்தில் புதுச் செயின் வந்தது. அந்த வருஷங்களில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் ஐஸ் சாப்பிடாமல் திரும்பியதில்லை.

அப்புறம் வந்ததுதான் அந்தக் கோடை. மழை பொய்த்து, கிணற்றில் அதுவரை பார்க்காத படிகள் எல்லாம் தெரிந்தன. நாங்கள் அதை வேடிக்கை பார்த்தோம்.

பள்ளிகொண்டா கோயில் திருவிழாவுக்கு பெரியப்பா ஒரு வேன் நிறைய ஐஸ் ஏற்றினார். அதற்கு முன் அவ்வளவு ஒரே நாளில் போட்டதில்லை. பெரியப்பா, மிஷின் அண்ணன், நாங்கள் இரண்டு பேர் எல்லோரும் போனோம். கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பெட்டிகளை இறக்கி வைத்தார்கள். கூட்டம் மொய்த்தது. முதலில் ஒரு சின்னப் பையன் வாயில் வைத்ததைத் துப்பினான். அவன் அம்மா வாங்கி நக்கிப் பார்த்துவிட்டு, “இன்னா ஐஸ்யா இது, கண்ணுல வர்ற தண்ணி மாதிரி கரிக்குது” என்றாள். பக்கத்தில் இருந்தவர்களும் நிறுத்தி நிறுத்திச் சுவைத்தார்கள். ஒருத்தர் துப்பியதைப் பார்த்து இன்னொருத்தர் துப்பினார். காசைத் திரும்பக் கேட்டார்கள். யாரோ பாதி தின்ற ஐஸைப் பெரியப்பாவின் வெள்ளைச் சட்டை மேல் எறிந்தார்கள். சிவப்பு எசென்ஸ் நெஞ்சில் வழிந்தது.

நானும் ஒரு ஐஸ் எடுத்து நக்கினேன். எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது. தோஸ்தும் அதையேதான் சொன்னாள். பெரியப்பா நக்கிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். ஆனால் அவ்வளவு பேர் துப்பும்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பெட்டிகளை வேனில் ஏற்றித் திரும்பினோம். உருகிய ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகி எங்கள் காலடியில் ஓடிக்கொண்டே வந்தது.

அந்த வாரம் முழுக்க மிஷின் அண்ணன் அச்சுகளைச் சோதித்தார். ஒன்றிலும் ஓட்டை இல்லை. பெரியப்பா நம்பவில்லை. குடியாத்தத்தில் அப்போது ஒரு புது ஐஸ் கம்பெனி வந்திருந்தது. அவர்கள் மிஷின் அண்ணனைக் கையில் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே உப்பு கலக்க வைத்தார்கள் என்று யாரோ ஒரு சைக்கிள்காரர் கிளப்பிவிட்டார். பெரியப்பா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அப்போது பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு காலையில், சைக்கிள்காரர்கள் எல்லோரும் பெட்டியோடு நிற்கும்போது, பெரியப்பா மிஷின் அண்ணனைக் கொட்டகை வாசலுக்குக் கூப்பிட்டார். அப்பா ஸ்கூலுக்குக் கிளம்பி நின்றிருந்தார். நானும் தோஸ்தும் பையை மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றோம்.

“தொட்டி ஒழுகலன்ற. அச்சு ஒழுகலன்ற. அப்போ உப்பு எங்கேந்துப்பா வந்துச்சி?”

“எனக்கும் புரியலண்ணா. தெனம் பாத்துட்டுதான் எறக்கறேன்.”

“குடியாத்தத்துக்காரன் எவ்ளோ குடுத்தான்?”

மிஷின் அண்ணனுக்கு முதலில் அந்தக் கேள்வி விளங்கவே இல்லை. விளங்கியதும் முகம் கறுத்தது. “இன்னாண்ணா இப்படிக் கேக்கறீங்க” என்றார்.

“இல்லன்னா சத்தியம் பண்ணு. இதோ உன் பொண்ணு நிக்குது. அது தலைல கைய வெச்சி, நான் உப்பு போடலன்னு சொல்லு. நான் விட்டுட்றேன்.”

எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். தோஸ்த் தானாகவே இரண்டு எட்டு முன்னால் போய்த் தன் அப்பாவுக்கு முன்னால் நின்றாள். தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்துகொண்டாள். மிஷின் அண்ணன் கையைத் தூக்கினார். பாதியில் கை நின்றது. பிறகு அந்தக் கையைப் பின்பக்கம் கட்டிக்கொண்டார்.

“கொழந்த மேல வேணாண்ணா. கற்பூரம் ஏத்தி அணைக்கறேன். உங்க பைபிள் மேல கை வெக்கச் சொன்னாலும் வெக்கறேன். கொழந்த மேல மட்டும் வேணாம்.”

“பாத்துக்கோங்க” என்றார் பெரியப்பா, சைக்கிள்காரர்களைப் பார்த்து. அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, “ஏங்க, அவங்களுக்கு மொதல்ல ஒரு புள்ள...” என்று ஆரம்பித்தார். “நீ உள்ள போ” என்றார் பெரியப்பா. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்விட்டார். அன்று முழுக்க அவர் பாடம் நடத்தினார். நான் அதே ஸ்கூலில்தான் இருந்தேன்.

பெரியம்மா சொல்ல வந்தது இதுதான். மிஷின் அண்ணிக்கு முதலில் ஒரு ஆண் குழந்தை இருந்தது. மெட்ராஸில் ஏதோ ஒரு தகராறில், மிஷின் அண்ணன் அந்தக் குழந்தை தலையில் கை வைத்து சத்தியம் பண்ணியிருக்கிறார். உண்மையைத்தான் சொன்னார். ஆனாலும் அந்த மாதமே குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அதை அண்ணி பெரியம்மாவிடம் எப்போதோ சொல்லியிருந்தார். வாசலில் நின்ற அத்தனை பெரியவர்களில் அது தெரிந்த ஒரே ஆள் பெரியம்மா. அவரைப் பேச விடவில்லை.

அந்த வாரம் தோஸ்த் ஸ்கூலுக்கு வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. கொட்டகைக்குப் பின்னால் அவர்கள் இருந்த அறையைக் காலி செய்துகொண்டு, ஆற்றோரத் தெருவுக்குப் போய்விட்டார்கள்.

பெரியப்பா வேலூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் தொட்டியைக் கழற்றி, புது அச்சுகள் போட்டு, எல்லாவற்றையும் முடித்து முதல் ஐஸை எடுத்து வாயில் வைத்தார். கரித்தது. அவருக்குக் குழப்பம். “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்று கேட்டார். பெரியம்மா சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். மெக்கானிக் ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே கொப்பளித்தார்.

“இன்னாம்மா, உப்புக் கரைச்ச தண்ணிய எடுத்துட்டு வந்துட்டீங்களா?”

பெரியம்மா சொம்பை வாங்கிக் குடித்துப் பார்த்தார். “நல்ல தண்ணிதான தம்பி. நாங்க தெனம் இதத்தான் குடிக்கறோம்.”

மெக்கானிக் தன் பையைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை எடுத்து எங்கள் எல்லோருக்கும் கையில் ஊற்றினார். எனக்கும் ஊற்றினார். சர்க்கரை போட்டதுபோல் இருந்தது. நான் அப்படியே சொல்லவும் செய்தேன். பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “கொழம்புக்கு உப்பு கம்மியா கம்மியாப் போட்டுட்டு வரேன். கல்லுப்பு கரிப்பா வருதுன்னு நெனச்சிட்டேன்” என்றார்.

அதற்கு முந்தைய வருஷம்தான் எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு தோல் ஷாப்பை இரண்டு மடங்காகப் பெரிசாக்கியிருந்தார்கள். தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். அதை முதலில் அலசி விடுகிற தண்ணீர் முழுக்க உப்பு. அது ஓடையில் இறங்கி, ஓடையிலிருந்து பூமிக்குள் இறங்கி, நாள்பட எங்கள் கிணற்றுக்கு வந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் எங்கள் நாக்குக்குப் பழகிப்போய்விட்டது. ஊரில் எல்லோர் நாக்குக்கும் அப்படித்தான். தோல் ஷாப் நிறைந்த ஆம்பூர், மாதனூர்ப் பக்கமும் அதே கதைதான். பக்கத்துத் தெருவில் விற்கும்போது ஒரு புகாரும் வராமல், பள்ளிகொண்டாவில் துப்பியது அதனால்தான்.

இந்த இடத்தில் பெரியப்பா என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனால் அவர் எங்களையும் மெக்கானிக்கையும் உள்ளே கூப்பிட்டு, “இது வெளிய போவக் கூடாது” என்றார். கிணறு கெட்டுப்போனது தெரிந்தால் கம்பெனி அதோடு முடிந்தது. சுவரில் எழுதியிருந்ததே அந்தக் கிணற்றைப் பற்றித்தான்.

அணைக்கட்டு ரோட்டில், மலையடிவாரத்தில் ஒரு கிணற்றிலிருந்து விடிகாலையில் மாட்டு வண்டியில் டிரம் டிரம்மாகத் தண்ணீர் வந்தது. ஐஸ் பழையபடி இனித்தது. ஆள் மாறியதும் ஐஸ் நன்றாகிவிட்டது என்று ஊர் பேசியது. பெரியப்பா அதை மறுக்கவில்லை. சைக்கிள்கள் மறுபடியும் வரிசையாகக் கிளம்பின. சர்ச்சில் யாராவது அதைச் சொல்லிப் பாராட்டினால், தலையை லேசாக ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தத் தலையாட்டலை நான் பார்த்திருக்கிறேன்.

மிஷின் அண்ணன் வேலூரில் கேட்டார், குடியாத்தத்தில் கேட்டார். ஐஸ் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். உப்புப் போட்ட ஆள் என்று பேர் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் மேற்கே இருந்த அந்தத் தோல் ஷாப்பிலேயே கூலிக்குப் போனார். ஒருநாள் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். கையெல்லாம் வெளுத்து, தோல் உரிந்திருந்தது. “நல்லாப் படிக்கிறியாம்மா?” என்று கேட்டார். தோஸ்த் எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்பதற்குள் போய்விட்டார்.

மழைக்காலம் தொடங்கும் சமயம். மத்தியானம், தோல் ஷாப் கேட்டுக்குப் போன ஐஸ்காரர் பெட்டி நிறைய ஐஸோடு திரும்பி வந்தார். பெரியப்பா ஒரு பெரிய அண்டாவில் எசென்ஸ் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“இன்னாப்பா, விக்கலையா?”

“கேட்டுல ஒரே கும்பலுண்ணா. கழிவுத் தொட்டிய கிளீன் பண்ண எறக்கி விட்டிருக்காங்க. கேஸ் அடிச்சிடுச்சி. ரெண்டு பேரு. ஒருத்தரு நம்ம மிஷின்காரரு.”

பெரியப்பா கலக்குவதை நிறுத்தவில்லை. எசென்ஸ் எப்போதோ கரைந்துவிட்டது. சைக்கிள்காரர் அவரையே பார்த்தபடி நின்றார். பெரியம்மா வந்து அவர் கையிலிருந்த துடுப்பை வாங்கி வைத்த பிறகுதான் திரும்பினார். அந்த அண்டாத் தண்ணீரை அன்று மாலை அவரே தூக்கிக் கிணற்றடியில் கொட்டினார். அதற்குப் பிறகு எங்கள் கொட்டகையில் மிஷின் ஓடவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், பெரியப்பா ஆற்றோரத் தெருவுக்குக் கிளம்பினார். பெரியம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். மிஷின் அண்ணி கதவைத் திறந்து நிலையில் நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. தோஸ்த் உள்ளே இருட்டில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், கூப்பிடவில்லை.

“உப்பு கிணத்துலதான் இருந்துச்சும்மா” என்றார் பெரியப்பா. “அவன் ஒண்ணும் பண்ணல. எனக்குத் தெரியும்.”

“எப்போ தெரியும்?”

பெரியப்பா தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

“எப்போண்ணா தெரியும்?”

“மெக்கானிக் வந்தப்பவே.”

அண்ணி நிலையை விட்டு நகரவில்லை. அழவில்லை. “அன்னைக்கே நாலு பேர்கிட்ட சொல்லியிருந்தீங்கன்னா எங்கனா ஒரு ஐஸ் கம்பெனியில சேத்துக்கினு இருப்பாங்க” என்றார். “எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் எப்பவோ தெரியுமே. வெளிய போய்ச் சொல்லுங்க.” கதவைச் சாத்திவிட்டார்.

பெரியப்பா வெளியே போய்ச் சொல்லத்தான் செய்தார். சைக்கிள்காரர்களிடம் சொன்னார். சர்ச் முடிந்து வெளியே வருகிறவர்களிடம் சொன்னார். குடியாத்தம் கம்பெனிக்குப் பஸ் ஏறிப் போய்ச் சொன்னார். ஆனால் அதற்குள் ஊரில் ஒவ்வொரு கிணறாக, பழகிய நாக்குக்கே தெரியும்படி கரிக்க ஆரம்பித்திருந்தது. சோறு மஞ்சளாக வெந்தது, சோப்பு நுரைக்கவில்லை, தென்னை காய்ந்தது. “கெணத்துல உப்புன்றதுதான் எல்லாருக்கும் தெரியுமே” என்றார்கள். அவர் சொல்ல வந்தது கிணற்றைப் பற்றி அல்ல, ஒரு மனிதனைப் பற்றி என்பது யார் காதிலும் ஏறவில்லை. “விடுங்க, செத்தவன் செத்துட்டான்” என்று சமாதானம் சொன்னார்கள். அவருக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டார்கள்.

மிஷின் பழைய இரும்புக்குப் போனது. அச்சுகளைப் பெரியம்மா கொஞ்ச நாள் செடி வைக்க வைத்திருந்தார். அந்தத் தண்ணீருக்குச் செடி வரவில்லை. பெரியப்பா கடைசி வருஷங்களில் ஒரு ஷூ கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். வீட்டில் அவர் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை. நான் நர்சிங் படிக்கப் போய், வேலைக்குப் போய், ரிட்டயரும் ஆகிவிட்டேன். பெரியப்பா இறந்தபோது அந்த விஷயமும் அவரோடு போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் ஆம்பூரில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில், கண்ணாடி போட்ட ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரே என் முழங்கையைத் தொட்டு, “தோஸ்த்” என்றார். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றாளாம். இரண்டு பேரும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். பிள்ளைகள், பேரப் பிள்ளைகள், முட்டி வலி என்று பேசினோம். எழுந்திருக்கும் நேரத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. “உங்க அப்பா மேல தப்பே இல்லன்னு பெரியப்பாவுக்குத் தெரியும்” என்று ஆரம்பித்தேன்.

“தெரியுமே” என்றாள். “வருஷா வருஷம் அப்பா போன நாளைக்கு எங்க வாசலுக்கு வந்து நிப்பாரு. நாங்க வீடு மாறினா அங்கயும் தேடி வந்துடுவாரு. தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லுவாரு. உப்பு அவன் போடல, நான்தான் பொய் சொன்னேன்னு. சொல்லிட்டுப் போய்டுவாரு.”

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது.

“அண்ணி இன்னா சொல்லுவாங்க?”

“அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அவரு சத்தம் கேட்டதும் அடுப்ப அணைச்சிட்டு உக்காந்துடுவாங்க. அவரு முடிக்கிற வரைக்கும் கேப்பாங்க. கடைசி வருஷம் அவருக்குப் பேச்சே வரல. சும்மா நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு. அம்மாவும் அடுப்ப அணைச்சிட்டு உக்காந்துட்டு இருந்தாங்க.”

“கதவத் தெறந்தாங்களா?”

“இல்ல” என்றாள் தோஸ்த்.